கோகோ கேப்ஸ்யூல் போட்டால் பிரஷர் மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 63. ஓய்வுபெற்ற ஆசிரியை. ஏழு வருடமாக இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. எடுத்துக்கொள்கிறேன். ஹீமோகுளோபின் குறைவு என்பதால் இப்போது இரும்புச் சத்து மாத்திரையும் உண்டு. போன மாதம் மருமகள் கோகோ சாறு கேப்ஸ்யூல் இரண்டு பாட்டில் வாங்கிக் கொடுத்தாள், எனக்கு ஒன்று, என் கணவருக்கு ஒன்று. இதயம், மூளை, சருமம், எடை, மனநிலை எல்லாவற்றுக்கும் நல்லது என்று அதில் போட்டிருக்கிறது. ஒரு கேப்ஸ்யூலில் "கோகோ சாறு 500 மி.கி., பாலிபீனால் 40%" என்று இருக்கிறது. தினமும் ஒன்று, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன். இரண்டு வாரமாக பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் எடுக்கிறேன். அப்படியும் 130-ஐத் தாண்டவில்லை. மாத்திரையை அடியோடு நிறுத்திவிடலாமா? என் கணவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் எடுக்கிறார். அவரும் இதைப் போடலாமா? கேப்ஸ்யூலுக்குப் பதில் டார்க் சாக்லேட் சாப்பிட்டால் போதுமா? இன்னொன்று, கொஞ்ச நாளாகத் தூக்கமும் சரியில்லை.

பதில்: அம்மா, முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம், மற்றதை அப்புறம் பேசலாம். நாளையிலிருந்து அம்லோடிபினைப் பழையபடி தினமும் போடுங்கள். விட்டுப்போன நாட்களை ஈடுகட்டுகிறேன் என்று இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். மாத்திரையைக் குறைத்துப் பார்த்ததை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டும் 130-ஐத் தாண்டவில்லையே, அது கோகோவின் வேலைதானே என்று கேட்கத் தோன்றும். இல்லை. அம்லோடிபின் உடலை விட்டு மிக மெதுவாக வெளியேறும் மருந்து. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நீங்கள் போடாமல் விட்ட நாளிலும் முந்தைய நாள் போட்டதில் கணிசமான பங்கு இரத்தத்தில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது அது. பெயர் கோகோவுக்குப் போகிறது. அடியோடு நிறுத்தினாலும் முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியாது, அதுதான் இதில் ஆபத்தே. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி அளப்பதையும் விட்டுவிடுவீர்கள், அதன் பிறகுதான் அழுத்தம் ஏறும்.

கோகோ இரத்த அழுத்தத்தைக் குறைக்கவே குறைக்காதா என்றால், குறைக்கும். கொஞ்சம். 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 1,804 பேர். ஃபிளேவனால் என்ற தாவரச் சேர்மம் நிறைந்த கோகோவை எடுத்துக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 1.76 மி.மீ. குறைந்திருந்தது. ஏற்கெனவே அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்கு மேல் அளவில் சுமார் 4 மி.மீ. வரை இறங்கியது. ஐந்து நிமிட இடைவெளியில் வீட்டுக் கருவியில் இரண்டு முறை அளந்து பாருங்கள், அந்த இரண்டுக்கும் நடுவிலேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில வாரங்களே நடந்தவை. ஆயிரக்கணக்கானோரில் சராசரி 2 மி.மீ. குறைவது பொது சுகாதாரக் கணக்கில் சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் மாத்திரை சாப்பிடும் ஒருவர் அதை நிறுத்துவதற்கு அந்த 2 மி.மீ. போதாது.

இனி அந்த பாட்டிலுக்கு வருவோம். லேபிளில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்பினீர்களே, அது மிகவும் உதவியாக இருந்தது. பெரும்பாலானவர்கள் பாட்டிலின் முன்பக்கத்தை மட்டும் எழுதி அனுப்புவார்கள்.

கோகோவில் ஆராய்ச்சியாளர்கள் தேடுவது ஃபிளேவனால் என்ற சேர்மக் குடும்பத்தை. அதிலும் முக்கியமாக எபிகேட்டச்சின். இது இரத்தக் குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாகக் கிடைக்க உதவுகிறது, குழாய் சற்றுத் தளர்ந்து விரிகிறது. இதை நேரடியாகவே அளக்கலாம். கையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, பட்டையைத் தளர்த்தியதும் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். ஃபிளேவனால் எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த விரிவு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உங்கள் லேபிளில் ஃபிளேவனால் என்ற சொல்லே இல்லை. 500 மி.கி. என்பது சாற்றின் எடை. அதில் 40% பாலிபீனால் என்றால் 200 மி.கி. ஆகிறது. பாலிபீனால் என்பது தாவரச் சேர்மங்களின் ஒரு பெரிய கூட்டம், ஃபிளேவனால் அதில் ஒரு பகுதி. அந்தப் பகுதி எவ்வளவு என்று தயாரிப்பாளர் சொல்லவில்லை. அத்தனையும் ஃபிளேவனால்தான் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 200-ஐத் தாண்டாது. இதுவரை நடந்த மிகப் பெரிய ஆய்வில் தினமும் கொடுத்தது 500 மி.கி. ஃபிளேவனால், அதில் 80 மி.கி. எபிகேட்டச்சின். லேபிளில் 500, ஆய்விலும் 500. இந்த ஒற்றுமை தற்செயலா என்று எனக்குத் தெரியாது, ஆனால் வாங்குகிறவர் குழம்புவதற்கு இது ஒன்றே போதும்.

அந்தப் பெரிய ஆய்வைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். கோகோ கேப்ஸ்யூல் விற்கிறவர்கள் பலரும் சுட்டிக்காட்டுவது அதைத்தான், எல்லாவற்றையும் சொல்வதில்லை.

அதன் பெயர் காஸ்மோஸ். அமெரிக்காவில் பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமென்ஸ் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தினார்கள். 65 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மொத்தம் 21,442 பேர். பாதிப் பேருக்கு கோகோ சாறு, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று கேப்ஸ்யூல். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. சராசரியாக மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் தொடர்ந்தார்கள். முடிவு 2022-ல் வெளிவந்தது.

ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்த முதன்மைக் கேள்வி, மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதய, இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் மொத்தமாகக் குறைகின்றனவா என்பது. கோகோ பிரிவில் 410 பேருக்கும் வெற்று கேப்ஸ்யூல் பிரிவில் 456 பேருக்கும் அப்படிப்பட்ட பாதிப்பு வந்தது. 10% குறைவுபோலத் தெரிகிறது. ஆனால் புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆகவே முதன்மைக் கேள்விக்குக் கிடைத்த விடை: பலன் நிரூபிக்கப்படவில்லை. துணைக் கேள்விகளில் ஒன்று இதய நோயால் வரும் மரணம். அது கோகோ பிரிவில் 27% குறைவாக இருந்தது. விளம்பரங்களில் நீங்கள் பார்ப்பது இந்த 27-ஐத்தான். முதன்மைக் கேள்வி தோற்று துணைக் கேள்வி ஜெயித்தால், அதை ஆர்வமூட்டும் அறிகுறி என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். மறுபடி ஒரு ஆய்வு நடத்தி உறுதி செய்ய வேண்டிய அறிகுறி. ஆராய்ச்சியாளர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

இந்த ஆய்வுக்கு நிதி உதவியும் கேப்ஸ்யூலும் கொடுத்ததில் மார்ஸ் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. சாக்லேட்டும் விற்கிறது, கோகோ சப்ளிமென்டும் விற்கிறது அந்த நிறுவனம். அதனால் ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. தங்களுக்கு வசதியான முடிவு வராதபோதும் அதை அப்படியே வெளியிட்டிருக்கிறார்கள், அது நல்ல அடையாளம். இருந்தாலும் கோகோ ஆராய்ச்சியில் பெரும்பகுதி சாக்லேட் தொழிலின் பணத்தில் நடப்பது என்பதை மனதில் வைத்துக்கொண்டே படிப்பது என் பழக்கம்.

மூளைக்கு நல்லது என்பதற்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2014-ல் 37 பேரை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்வில், அதிக அளவு ஃபிளேவனால் எடுத்தவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட நினைவாற்றல் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு காஸ்மோஸ் ஆய்வின் ஒரு பிரிவில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை மூன்று ஆண்டுகள் சோதித்தபோது, கோகோ சாற்றால் சிந்தனைத் திறனில் மாற்றம் தெரியவில்லை. சாதாரண மல்டிவைட்டமின் மாத்திரைக்குச் சிறு பலன் தெரிந்தது என்பது அதில் எதிர்பாராத செய்தி. 2023-ல் வந்த இன்னொரு பிரிவின் முடிவிலும் மொத்தமாகப் பார்த்தால் நினைவாற்றலில் வித்தியாசம் இல்லை. ஆனால் வழக்கமான உணவிலேயே ஃபிளேவனால் குறைவாகக் கிடைத்து வந்தவர்களுக்கு ஓரளவு முன்னேற்றம் இருந்தது. தேநீர், ஆப்பிள், திராட்சை, பெர்ரி வகைகளில் ஃபிளேவனால் இருக்கிறது. இவற்றைத் தினசரி எடுத்துக்கொள்கிறவருக்கு கேப்ஸ்யூல் புதிதாக எதையும் சேர்ப்பதாகத் தெரியவில்லை.

சர்க்கரை நோய் வராமல் தடுக்குமா என்பதையும் காஸ்மோஸில் பார்த்தார்கள், தடுக்கவில்லை. சருமத்தைப் பொறுத்தவரை இருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள், முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. மனநிலைக்கு நல்லது என்பதற்கு லேபிளில் எழுதும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

எடைக் குறைப்பு பற்றி ஒரு வேடிக்கையான கதை உண்டு. 2015-ல் ஜான் பொஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மோசமான ஆய்வு எவ்வளவு சுலபமாகச் செய்தியாகும் என்று காட்டுவதற்காகவே ஒன்றைத் திட்டமிட்டு நடத்தினார். பதினைந்து பேர், மூன்று வாரம். எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். இவ்வளவு குறைந்த பேரிடம் இவ்வளவு விஷயங்களை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே நல்லபடி அமைந்துவிடும். அமைந்தது: சாக்லேட் சாப்பிட்டவர்கள் வேகமாக எடை குறைந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் ஒரு இதழில் கட்டுரை வந்தது, பல நாட்டுப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. பிறகு அவரே உண்மையை உடைத்தார். ஆனாலும் கோகோ எடையைக் குறைக்கும் என்ற பேச்சு ஓயவில்லை, உங்கள் பாட்டில் வரைக்கும் வந்திருக்கிறது.

அரசு அமைப்புகள் என்ன சொல்கின்றன என்றும் பார்த்துவிடலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2012-ல், தினமும் 200 மி.கி. கோகோ ஃபிளேவனால் எடுத்தால் இரத்தக் குழாய்களின் நெகிழ்வுத்தன்மையைப் பேண உதவும் என்பதை ஏற்றுக்கொண்டது. நெகிழ்வுத்தன்மை மட்டும்தான், மாரடைப்பைத் தடுக்கும் என்று எழுத அனுமதி இல்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-ல் இதய நோய் அபாயம் பற்றி ஒரு வாசகத்துக்கு இடம் கொடுத்தது. ஆனால் ஆதாரம் மிகவும் குறைவானது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதுவும் குறைந்தது 4% ஃபிளேவனால் உள்ள தனி வகைக் கோகோ பொடிக்கு மட்டும். சாதாரணக் கோகோ பொடிக்கோ சாக்லேட்டுக்கோ அது பொருந்தாது.

சரி, டார்க் சாக்லேட் போதுமா என்று கேட்டீர்கள். ஃபிளேவனாலுக்காக என்றால் சாக்லேட் நம்பகமான வழி இல்லை. அட்டையில் 70%, 85% என்று போட்டிருப்பது கோகோ திடப்பொருளும் கோகோ வெண்ணெயும் சேர்ந்த அளவு. ஃபிளேவனால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அது சொல்லாது. ஃபிளேவனால் கசப்பும் துவர்ப்பும் கொண்டது. கோகோ விதையைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சாப்பிட நன்றாக இருக்க வேண்டும் என்றால் குறைந்துதான் ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக அழிப்பது காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருள்) சேர்த்துப் பக்குவப்படுத்தும் முறை. கோகோ பொடி கறுத்து, வாசனை மென்மையாகி, பாலில் சுலபமாகக் கலக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. இப்படிச் செய்யாத இயற்கைக் கோகோ பொடியில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மி.கி. ஃபிளேவனாலும், நன்றாகக் காரம் ஏற்றியதில் வெறும் 3.9 மி.கி.யும் இருந்ததாக 2008-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. கறுப்பாக இருப்பதுதான் வீரியம் என்று நினைப்போம், இங்கே நேர் எதிர். கோகோ பொடி வாங்கினால் பொருட்பட்டியலைப் பாருங்கள். காரம் சேர்த்துப் பக்குவப்படுத்தியது என்றோ, அமிலத்தன்மை சீராக்கி 500, 501 என்றோ இருந்தால் ஃபிளேவனால் பெரும்பாலும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கோகோ என்ற ஒற்றை வார்த்தை மட்டும் இருந்து, நிறம் செங்கல் பழுப்பாக இருந்தால் அது தேவலை. அப்படிப்பட்ட, சர்க்கரை சேர்க்காத பொடி இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் ஐந்து கிராம், எடுத்தாலே அந்தச் சராசரிக் கணக்கில் 170 மி.கி. வந்துவிடுகிறது. உங்கள் கேப்ஸ்யூலில் அதிகபட்சமாக இருக்கக்கூடிய அளவுக்குப் பக்கத்தில்.

கலந்து குடிக்கும்போது வாழைப்பழத்தை மட்டும் சேர்க்காதீர்கள். வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் கறுப்பதற்குக் காரணமான நொதி ஃபிளேவனாலையும் சிதைத்துவிடும். வாழைப்பழ ஸ்மூத்தியாகக் குடித்தவர்களின் இரத்தத்தில் ஃபிளேவனால் 84% குறைவாகச் சேர்ந்தது என்று 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. பால் சேர்த்தால் பலன் போய்விடும் என்று முன்பு ஒரு பேச்சு இருந்தது. பிந்தைய ஆய்வுகளில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சாக்லேட் பிடிக்கும் என்பதற்காக ஒரு துண்டு சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. மருந்து என்று நினைத்து அளவு கூட்டாதீர்கள். 30 கிராமிலேயே சுமார் 170 கலோரி இருக்கிறது. ஈயம், காட்மியம் பிரச்சினையும் உண்டு. காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக விதைக்கு வருகிறது. ஈயம் பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு, விதையை வெளியில் காயவைக்கும்போது தூசியோடு ஒட்டுகிறது. அமெரிக்காவில் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2022-ல் 28 டார்க் சாக்லேட்களைச் சோதித்தபோது, அவற்றில் 23-ஐத் தினமும் ஓர் அவுன்ஸ் சாப்பிட்டாலே இரண்டில் ஏதாவது ஓர் உலோகம் கவலைப்படும் அளவுக்குச் சேரும் என்று கண்டது. என்றைக்காவது சாப்பிடுகிறவர் பயப்பட வேண்டியதில்லை. தினமும், வருடக்கணக்கில் என்று வரும்போதுதான் இது கேள்வியாகிறது, சப்ளிமென்ட் என்பது தினமும் எடுப்பதுதானே. கேப்ஸ்யூலோ பொடியோ, வெளி ஆய்வகத்தில் உலோகச் சோதனை செய்த விவரத்தைத் தயாரிப்பாளர் தருகிறாரா என்று பாருங்கள். கேட்டும் தராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்களுக்கு இதுதான் முக்கியம்: இரும்புச் சத்து. கோகோவில் உள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. கோகோ பானத்தோடு சேர்த்துச் சாப்பிட்டபோது தாவர உணவில் உள்ள இரும்பு உடலில் சேர்வது சுமார் 70% குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. தேநீர் இதைவிட மோசம். இரும்பு மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. அதுவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்றால் இரண்டும் வயிற்றில் ஒன்றாகச் சந்திக்கின்றன. இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கோகோ, தேநீர், காபி எதுவும் வேண்டாம். அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏறாமல் இருந்தால், இந்த கேப்ஸ்யூல் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் வேறு காரணம் தேடி இன்னும் நான்கு பரிசோதனை எழுதுவார். அது ஒருபுறமிருக்க, இந்த வயதில் ஹீமோகுளோபின் ஏன் குறைந்தது என்று யாராவது தேடிப் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் வயிறு, குடலில் எங்காவது இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கம் கெட்டதற்கும் கேப்ஸ்யூல் காரணமாக இருக்கலாம். கோகோவில் காஃபீன் கொஞ்சம், அதன் உறவான தியோப்ரோமின் நிறைய. சாறு எடுக்கும்போது இவை எவ்வளவு நீக்கப்படுகின்றன என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், உங்கள் லேபிளில் அது பற்றிப் பேச்சே இல்லை. காலைக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு வாரத்தில் தூக்கம் திரும்பினால் காரணம் தெரிந்துவிடும். திரும்பாவிட்டால் கேப்ஸ்யூலையே நிறுத்திப் பாருங்கள். படபடப்பு வந்தாலும் அப்படியே. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு கோகோ ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் கோகோ பொடி பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

உங்கள் கணவருக்கு வருகிறேன். அவர் போட வேண்டாம், குறைந்தபட்சம் அவருடைய இதய மருத்துவரிடம் கேட்கும் வரை. ஃபிளேவனால்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைச் சற்றே குறைக்கும் தன்மை உண்டு. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் செய்வது அதே வேலையைத்தான், பல மடங்கு பலமாக. மூன்றும் சேர்ந்தால் இரத்தக் கசிவு வந்தே தீரும் என்று சொல்ல மாட்டேன், காஸ்மோஸ் ஆய்வில் பாதுகாப்புச் சிக்கல் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த ஆய்வில் ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. உங்கள் கணவர் போய் நின்றிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவரைப் போன்றவர்களுக்குப் பலன் உண்டா, கெடுதல் உண்டா என்று அந்த ஆய்வை வைத்து யாரும் சொல்ல முடியாது. நிரூபிக்கப்பட்ட மருந்துகள் கையில் இருக்கும்போது அவர் சோதனை செய்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன? ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ போகும் முன் இதையும் மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சப்ளிமென்ட்தானே என்று யாரும் சொல்வதில்லை, நாங்களும் பல நேரம் கேட்க மறந்துவிடுகிறோம்.

மருமகள் அக்கறையோடு வாங்கிக் கொடுத்தது, தூக்கிப் போட மனம் வராது. உங்கள் பாட்டிலை வேண்டுமானால் முடித்துவிடுங்கள்: காலையில் ஒன்று, இரும்பு மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளி, பிரஷர் மாத்திரை தினமும் தவறாமல். கணவரின் பாட்டிலை நீங்கள் எடுத்துக்கொண்டு ஒன்றை இரண்டாக்க வேண்டாம். தீர்ந்ததும் இன்னொன்று வாங்க நான் சொல்ல மாட்டேன். மருமகள் விடாமல் வாங்கித்தான் தருவேன் என்றால், ஃபிளேவனால் எத்தனை மி.கி., எபிகேட்டச்சின் எத்தனை மி.கி. என்று தனித்தனியாக எழுதியிருக்கும் பாட்டிலாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரத்த அழுத்தத்தை இன்றிலிருந்து ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, முதுகுக்குச் சாய்மானம் வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை. அந்தத் தாளையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அழுத்தம் உண்மையிலேயே நல்ல அளவில் நிலைத்திருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று அவரே பார்த்துச் சொல்வார். நடுவில் எப்போதாவது 180-ஐத் தாண்டினாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப் போவது என்று ஏதாவது தெரிந்தாலோ ஒரு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.